வாசல் தட்டில் ஒன்பது டப்பா

என் பெரியம்மா இருபத்திரண்டு வருடம் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். செடியின் தண்டை வெட்டி ஜெல்லில் செருகினாள். ஒரு நாளைக்கு அறுநூறு தண்டு. கேட்பவர்கள் "இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார்கள். அவர்களிடம் ஒரு பிளேடைக் கொடுத்து ஆறு தண்டு வெட்டச் சொன்னால் அதில் நான்கு அழுகிவிடும். அவள் வெட்டியதில் நூற்றுக்கு மூன்றுகூட அழுகாது.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. அவள் பின்பக்கம் வெட்டும் அறையில், நான் முன்பக்கம் தொலைபேசியில். எங்கள் சரக்கு இதுதான்: உள்ளங்கையில் அடங்கும் தெளிவான பிளாஸ்டிக் டப்பா, அதில் முக்கால்வாசி வேர் பிடிக்கும் மருந்து கலந்த ஜெல், மேலே அலுமினியத் தாள், தாளில் ஒரு துளை, துளையில் நிற்கும் ஒரு தண்டு. வேர் விடுவது வெளியிலிருந்தே தெரியும். அதற்காகத்தான் வாங்குகிறார்கள். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குச் சாப்பாடு இறங்காது. பார்சல் வந்து பத்து நாளுக்குள் ஜெல்லோடு சேர்த்து அப்படியே மண்ணில் வைக்க வேண்டும். பெட்டியின் மேல் படம் போட்டு எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர்கள் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

"மேடம், உங்க செடி செத்துப் போச்சு."

"ஜெல்லைக் கழுவினீங்களா சார்?"

"பின்ன? வழவழன்னு இருந்துச்சே!"

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது பேர். வேரைப் பார்க்கத் தினம் பிடுங்கியவர்கள், தலைகீழாகச் செருகியவர்கள், ஜெல் காய்ந்துவிடும் என்று அதன் மேல் எண்ணெய் ஊற்றிய ஒரு புண்ணியவான். எல்லோருக்கும் நான் ஒரே குரலில் "ரொம்ப வருத்தமா இருக்குங்க, மாத்தித் தர்றோம்" என்று சொல்ல வேண்டும். அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அதனால் எனக்கு வருகிற கோபத்தை எல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாத்திரங்களிடம் காட்டுவேன்.

பெரியம்மாவுக்குக் கோபமே வராது. வந்தாலும் தெரியாது, வாயைத் திறந்தால்தானே? வெட்டும் அறையில் அவள் பெயர் பிளேடக்கா. பேசி அறுப்பவர்களைத்தான் பிளேடு என்பார்கள். இவளோ காலையில் வந்து கவசத்துணியைக் கட்டினால் மாலைவரை பத்து வார்த்தை பேச மாட்டாள். கணுவுக்கு ஒரு நூல் கீழே சாய்வாக ஒரு வெட்டு. கீழ் இலைகளை உருவி எறிவாள். மேலே இருக்கும் இரண்டு இலைகளையும் கத்திரியால் பாதியாக நறுக்குவாள். வேர் இல்லாத தண்டு தண்ணீர் குடிக்க முடியாது, முழு இலை இருந்தால் உள்ளே இருக்கிற ஈரத்தை எல்லாம் அது காற்றில் விட்டுவிடும், அதனால் பாதி இலை. பத்து வெட்டுக்கு ஒரு தடவை பிளேடை ஸ்பிரிட்டில் நனைப்பாள். பிறகு துளையில் செருகுவாள், திருகாமல், நேராக.

செருகிய டப்பாக்கள் ஈர அறைக்குப் போகும். அங்கே கூரைக் குழாய்களிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் புகைபோலத் தூவிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் எந்தக் காகிதமும் ஒரு நாள் தாங்காது, அதனால் டப்பாவில் பெயர் ஒட்டுவதில்லை. எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான் அடையாளம். உள்ளே கடைசித் தட்டில் தொடங்கி, வாரம் ஒரு தட்டாக வாசலை நோக்கி நகர்த்துவார்கள். வேர் இரண்டு விரற்கடை நீளம் வந்ததும் வாசல் தட்டு. வாசல் தட்டில் இருப்பதை பேக்கிங் பெண்கள் காலையில் கேள்வி கேட்காமல் எடுத்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். செம்பருத்திக்கு லேபிள் எளிது. 'கலவை நிறம்' என்று ஒன்றுதான். என்ன நிறம் பூக்கும் என்பது வாங்குகிறவர் அதிர்ஷ்டம்.

பெரியம்மாவுக்கு ஒரே மகள். எனக்குத் தங்கை முறை, வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். குட்டிக்கு அம்மாவின் கையும் அப்பாவின் வாயும் வாய்த்திருந்தது. பதினாறு வயதில் சிவப்புச் செம்பருத்தியின் மகரந்தத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து மஞ்சள் பூவில் தடவினாள். காய் பிடித்தது. ஏழு விதை விதைத்ததில் ஒன்று முளைத்தது. அதைத் தரைத்தளத்து வீட்டின் பின்சுவர் ஓரமாக, கையகல மண்ணில் வைத்தாள். மூன்று வருடம் கழித்து முதல் பூ பூத்தது. பால் குறைவாக விட்ட டீயின் நிறம், நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"துவைக்காத துணி மாதிரி இருக்குல்ல?" என்று குட்டியே கேட்டாள். "இவ பேரு இனிமே அழுக்கி."

அடுத்த வருடம் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்தோம், ஐந்தாம் நாள் அவள் இல்லை. இருபது வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அழுக்கிதான் பிள்ளை. பெரியப்பா வண்டி மெக்கானிக், ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர், காலையில் முதல் வேலையாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். நான் பெரியம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன், அதிலிருந்து நாலு தண்டு வெட்டி வை என்று. அந்தப் பூ வேறெங்கும் கிடையாது. அதே சிவப்பையும் மஞ்சளையும் மறுபடி சேர்த்தாலும் அதே பூ வராது. தண்டிலிருந்து வந்தால்தான் அது அதுவாக வரும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"செய்யலாம்," என்பாள். மூன்று வருடம் இதையேதான் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் வெட்டிய கை அதன்மேல் மட்டும் பிளேடை வைக்கவில்லை.

இந்த வருடம் வெயில் தொடங்கும்போது கட்டிடத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார்கள். வேலை முடிந்ததும் ஒருவன் தகர வாளியோடு ஜன்னலருகே வந்து, பிரஷ் கழுவிய தின்னரை எங்கே கொட்டுவது என்று கேட்டிருக்கிறான். பெரியப்பா உள்ளே மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமல் "பின்னாடி எங்கயாச்சும் ஊத்துப்பா" என்றார். அவன் சுவர் ஓரம் மண் தெரிந்த இடமாகப் பார்த்து ஊற்றினான். அங்கே மண் தெரிந்தது ஒரே இடத்தில்தான்.

மூன்றாம் நாள் இலைகள் பழுத்தன. ஐந்தாம் நாள் உதிர ஆரம்பித்தன. பெரியம்மா மண்ணை முகர்ந்து பார்த்தாள். பெரியப்பா ஒளிக்கவில்லை, நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு அடிக்கக்கூட அடிக்கட்டும் என்று நின்றாராம்.  அன்றிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்து மேஜைமேல் மூடி வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவாள். ஊருக்கே காது வலிக்கப் பேசும் மனிதர் அவர், தன் வீட்டில் சுவரோடு உட்கார்ந்து ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

சுவர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில் மட்டும் இன்னும் பச்சை இருந்தது. அதிலிருந்து பதினோரு நுனிகளை அவள் வெட்டினாள். அவ்வளவுதான் கிடைத்தது. வீட்டுச் சூட்டில் அவை தாங்காது, ஈர அறைதான் வேண்டும். வெளிச் செடியை ஈர அறைக்குள் கொண்டுவருவது எங்கள் கம்பெனியில் பெரிய குற்றம், பூஞ்சை வந்துவிடும் என்று. பிடித்தால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவள் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து, டப்பாக்களில் செருகி, ஈர அறைக்குள்ளே குழாய்க்குப் பின்னால் கீழ்த்தட்டில் மறைத்து வைத்தாள். எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் காட்டினாள்.

"என்ன பெரியம்மா, இலை முழுசா நிக்குது?"

"வெட்ட மனசு வரல," என்றாள்.

 அவளுக்குத் தெரியாத தொழிலா?

இரண்டு அழுகின. ஒன்பதில் வேர் வந்தது. நான்காவது வார முடிவில் ஒரு திங்கட்கிழமை அவள் ஷிப்ட் தொடங்கியதும் போய்ப் பார்த்தாள். ஜெல்லுக்குள் ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர், இரண்டு விரற்கடை. ஒவ்வொரு டப்பாவாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் அன்றைய அறுநூறை வெட்டப் போனாள்.

மதியம் நான் என் மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்தபோது அவள் கவசத்துணியோடு முன்பக்கம் வந்து நின்றாள். வெட்டும் அறைக்காரர்கள் முன்பக்கம் வருவதில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வாசல் தட்டுல வச்சிட்டேன்," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எதை?"

"வேர் வந்துச்சு. பாத்தேன். பாத்துட்டு வாசல் தட்டுல வச்சிட்டேன்டி. கை வச்சிடுச்சு. இப்போ போய்ப் பாத்தா தட்டு காலியா இருக்கு."

இருபத்திரண்டு வருடமாக, வேர் இரண்டு விரற்கடை வந்த டப்பாவை அந்தக் கை வாசல் தட்டில்தான் வைத்திருக்கிறது. அன்றும் வைத்தது. வேறொருத்தியாக இருந்திருந்தால், இந்த வேலை தெரியாத எவளாகவாவது இருந்திருந்தால், முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாள். வண்டி பதினோரு மணிக்கே கிளம்பிவிட்டது.

அன்று போன செம்பருத்திப் பார்சல் நூற்று நாற்பது. ஒவ்வொன்றிலும் மூன்று டப்பா. கம்பெனியில் யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் அவள் வேலை போகும். ஆனால் முகவரிப் பட்டியல் என் கணினியில் இருந்தது, என் வேலையே தொலைபேசி. மூன்றாம் நாள், பார்சல்கள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரிந்ததும், நான் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். தரப் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டேன். கேள்வி ஒன்றுதான்: உங்கள் செடியின் இலை பாதியாக நறுக்கியிருக்கிறதா, முழுசாக இருக்கிறதா?

நூற்று நாற்பது பேரில் தொண்ணூற்றேழு பேர் எடுத்தார்கள். ஒருவர் இலை எது தண்டு எது என்று என்னிடமே கேட்டார். ஒரு அம்மாள், "பாதி இலையைத் திருடிக்கிட்டு அனுப்பறீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள். நடுநடுவே முழு இலைகள் அகப்பட்டன. முதலாவதைச் சோப்புத் தண்ணீரில் அலசியிருந்தார்கள். இரண்டாவது, ஜெல் உருகிவிடும் என்று பயந்து ஃப்ரிட்ஜில் வைத்து, விறைத்துக் கறுத்திருந்தது. மூன்றாவதைத் தினம் வெளியே எடுத்து வேரை ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார் ஒரு கணக்கு வாத்தியார். "நேத்துவரை வளர்ந்துச்சும்மா, இன்னிக்குத்தான் வளரலை," என்று குறைப்பட்டுக்கொண்டார். நான்காவதைப் பூனை தள்ளிவிட்டது. ஒவ்வொரு தடவையும் "ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்று சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பொய்யாகவே சொல்லிப் பழகியவள், அந்த வாரம் உண்மையாகச் சொன்னேன். பதிவைக் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாலையில் பெரியம்மா பஸ் நிறுத்தத்தில் என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். 

ஒன்பதாம் நாள் ஐந்தாவது கிடைத்தது. ரயிலில் அரை நாள் தூரத்தில் ஒரு ஊர், ஆறாவது மாடி வீடு, குழந்தை பின்னால் கத்திக்கொண்டிருந்தது. எடுத்த பெண்ணின் குரல் நல்ல குரல்.

"ஆமாங்க, ஒண்ணுல மட்டும் இலை முழுசா இருக்கு. நல்லா பச்சையா இருக்கு. வேர் கூட அடிவரைக்கும் வந்திருக்கு. ஏங்க, அது தப்பா?"

 அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது ஒரு செத்துப்போன பெண்ணின் செடி, அவள் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்தக் குரல் உள்ளவள் கண் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வார்த்தை தானாக வாயில் வந்தது.

"சின்ன தயாரிப்புக் குறைங்க மேடம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அதை அப்படியே வச்சிருங்க. ஞாயிற்றுக்கிழமை எங்க ஆள் நேரா வந்து மாத்திக் குடுப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தேன். பெரியம்மாவிடம் சொன்னபோது அவள் பஸ் நிறுத்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பஸ் வந்து போனது, அடுத்த பஸ்ஸில் போனோம்.

வெள்ளிக்கிழமை மதியம் என் மேஜைக்கு ஒரு கூரியர் உறை வந்தது. பெட்டி அல்ல, உறை. உள்ளே டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஒரு தண்டு, கூடவே அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு. 'குறை உள்ளது என்று சொன்னீர்கள். உங்கள் ஆள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று நானே அனுப்பிவிட்டேன். கூரியரில் ஜெல் எடுக்க மாட்டோம் என்றார்கள், அதனால் நன்றாகக் கழுவித் துடைத்து அனுப்புகிறேன். குழந்தை இருக்கும் வீடு, மருந்தில் ஏதும் குறையா என்று சற்றுப் பயமாகவும் இருந்தது. மாற்றுச் செடி அவசரமில்லை.'

இதில் அவள் மேல் என்ன தப்பு? வாழ்க்கையில் எனக்கு வந்த மிக நல்ல வாடிக்கையாளர் அவள்தான். அந்தச் செடியைக் கொன்றது நான். என் வாய்.

பெரியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் வந்து, உட்காராமல், காகிதத்தைப் பிரித்தாள். இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. வேர்கள் பழுப்பு நூலாகத் தண்டோடு ஒட்டியிருந்தன. அவள் கவசத்துணிப் பையிலிருந்து பிளேடை எடுத்தாள். அடியிலிருந்து ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு வெட்டி உள்ளே பார்த்தாள். பழுப்பு. இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினாள். பழுப்பு. எங்காவது ஒரு வட்டம் பச்சை இருந்தால் அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். வெட்டிக்கொண்டே போனாள். என் மேஜைமேல் துண்டுகள் வரிசையாக விழுந்தன. நுனிக்கு வந்ததும் வெட்ட ஒன்றும் மீதியில்லை.

"பெரியம்மா, நான்தான்..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

"இலையைப் பாதியா வெட்டியிருந்தேன்னா நாலு நாள் தாங்கியிருக்கும்," என்றாள் அவள். "முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுப்பாங்க அதை."

"இன்னும் நாலு எங்கயோ இருக்கே. ஃபோன் எடுக்காதவங்க வீட்ல."

"இந்த வெயில்ல, முழு இலையோடவா?" அவ்வளவுதான் சொன்னாள். துண்டுகளைக் கையில் கூட்டி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிளேடைத் துடைத்தாள். மாலைவரை தன் வேலையைச் செய்தாள்.

அன்று நான் அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தாள். இறங்கும் இடம் வரும்போதுதான் பேசினாள்.

"அவரு வாயால சொன்னாரு. நான் கையால எடுத்து வச்சேன்."

"நானும்தான் பெரியம்மா."

"நீ சின்னவ," என்றாள், அதோடு அதை முடித்துவிட்டாள்.

வீட்டில் பெரியப்பா பின்பக்க ஜன்னலருகே நாற்காலியில் இருந்தார். ஒன்றரை மாதத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெறும் குச்சியாக நின்றது அழுக்கி. யாரும் அதை வெட்டிப் போடவில்லை. என்னைப் பார்த்து "வாம்மா" என்றார், பெரியம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழகிப்போய்விட்டது.

பெரியம்மா கைப்பையை மாட்டிவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க."

அவர் திடுக்கிட்டுப்போய் என்னைப் பார்த்தார், தன்னைத்தானா என்று.

"வெட்டி வச்சதுல ஒண்ணு பிழைச்சிடுச்சு," என்றாள். "வெளியூர்ல, ஒரு பொண்ணு வீட்ல. ஆறாவது மாடியாம். இவதான் ஃபோன்ல பேசினா. வேர் அடிவரைக்கும் வந்திருக்காம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஆமா பெரியப்பா," என்றேன். "நல்லா பச்சையா இருக்காம்."

அவருக்கு முகம் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பழைய பெரியப்பாவாக ஒரேயடியாகக் கொட்ட ஆரம்பித்தார். தொட்டியில் வைத்தார்களா தரையிலா, காற்று அதிகமா, அந்தப் பெண்ணுக்குச் செடி வளர்க்கத் தெரியுமா, பூ அழுக்காக இருக்கும் என்று முன்கூட்டிச் சொன்னாயா, பார்த்துவிட்டுப் பிடுங்கிப் போட்டுவிடப் போகிறாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் தொலைபேசிக் குரலில் சொன்னேன், அந்தக் குரல்தான் நடுங்காது. பெரியம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மேஜையில் மூடி வைத்திருந்ததைச் சூடுபண்ணி, இரண்டு தட்டில் போட்டு எடுத்துவந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பெரியம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, நாம ரெண்டு பேரும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமா? தூரமா நின்னு பாத்துட்டு வந்துடலாம்."

 பெரியம்மா தன் தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "கட்டிக் குடுத்தாச்சு. சும்மா சும்மா போய் நின்னா அங்க இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பெரியப்பா மடியிலிருந்த தட்டை மறுபடி கையில் எடுத்தார்.

"அதுவும் சரிதான்," என்றார்.